கரையில் இடமில்லை

ஸ்ரீநகரில் தால் ஏரிப் படகு வீட்டில் நாங்கள் தங்கிய முதல் நாள் இரவு, சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்காரப் பெரியவர் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பெயர், ஊர், எங்கிருந்து வருகிறோம், எங்கே போகிறோம், எத்தனை இரவு தூங்கப் போகிறோம் என்று அதில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. கட்டங்களை நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தெரிந்த ஓட்டை ஹிந்தியில், "ஏன் சாச்சா, தூங்குவதற்குக்கூடவா கணக்கு?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "கரையில் தூங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள், சாஹிப். தண்ணீரில் தூங்கினால் எல்லோரும் கேட்பார்கள். என் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்" என்றார்.

எங்கள் படகில் மூன்று படுக்கை அறைகள். அன்றைக்கு விருந்தாளிகள் நானும் என் சம்சாரமும் மட்டும்தான். தேவதாரு மரப் பலகையால் இழைத்த சுவர். மேலே சின்னச் சின்ன மரத்துண்டுகளைக் கோத்துக் கோலம் போட்டதுபோல் ஒரு கூரை. கம்பளம், வாதுமை மரத்தில் செதுக்கிய நாற்காலிகள். ராஜபோகம் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் நடு இரவில் எனக்கு விழிப்புக் கொடுத்துவிட்டது. பின்பக்கத்து ஜன்னலைத் திறந்து பார்த்தேன். எங்கள் படகின் வாலில் கட்டினாற்போல இன்னொரு சின்னப் படகு நின்றது. அதில்தான் எங்களுக்குச் சமையல் நடந்தது. அதற்குள் ஒரு மங்கலான விளக்கு. ஒரு குழந்தை இருமும் சப்தம். பெரியவர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு மருமகள், பேரக் குழந்தைகள் எல்லோரும் அந்தச் சமையல் படகில்தான் படுத்திருந்தார்கள்.

என் சம்சாரமும் எழுந்து வந்து பார்த்தாள். "ஏங்க, இங்கே இரண்டு அறை சும்மா கிடக்குது. அங்கே அத்தனை பேரும் அடைஞ்சு கிடக்கிறாங்களே!" என்றாள்.

காலையில் பெரியவரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அவர் இரண்டு படகுகளையும் கையால் காட்டி, "இது விருந்தாளி வீடு. அது எங்கள் வீடு" என்று முடித்துவிட்டார். அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் ஒன்றரை நூற்றாண்டுச் சரித்திரம் அடங்கியிருக்கிறது என்பது ஊருக்குத் திரும்பிப் புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நம்மவர்களுக்குக் காஷ்மீர் என்றால் பெரும்பாலும் சினிமாக் காஷ்மீர்தான். 1961-ல் ஸ்ரீதர் எடுத்த 'தேன் நிலவு' படத்தைப் பார்த்துவிட்டு, கல்யாணம் ஆனால் அங்கேதான் போகவேண்டும் என்று எத்தனையோ பேர் மனக்கோட்டை கட்டினார்கள். மலை தெரிந்தது, ஏரி தெரிந்தது, படகு தெரிந்தது. ஆனால் கரையில் இவ்வளவு இடம் இருக்கும்போது மனிதர்கள் ஏன் தண்ணீர்மேல் வீடு கட்டிக்கொண்டு தூங்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் பதில் ஒரு வியாபாரத்தில் போய் முடிந்திருக்கும்.

1846-ஆம் ஆண்டு மார்ச் மாதம், முதல் சீக்கியப் போர் முடிந்த கையோடு, லாகூர் தர்பார் கும்பினியாருக்கு யுத்த நஷ்டஈடு கொடுக்க வேண்டியிருந்தது. கஜானாவில் அவ்வளவு பணம் இல்லை. பணத்துக்குப் பதிலாக மலை நாட்டைக் கொடுத்தது. கும்பினியார் அந்த மலை நாட்டைத் தாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. மார்ச் 16-ஆம் தேதி அமிர்தசரஸில் ஓர் உடன்படிக்கை எழுதி, ஜம்மு ராஜா குலாப்சிங்குக்கு 75 லட்சம் நானக்ஷாஹி ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார்கள். கும்பினியின் மேலாதிக்கத்தை ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக வருஷந்தோறும் ஒரு குதிரை, சால்வைக்கு ரோமம் தரும் பன்னிரண்டு ஆடுகள், மூன்று ஜோடிக் காஷ்மீர்ச் சால்வைகள் அனுப்ப வேண்டும் என்பது ஒரு ஷரத்து. ஆடும் சால்வையும் ஷரத்தில் ஏறின. அந்தப் பள்ளத்தாக்கில் குடியிருந்த ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாட்டுச் சந்தையிலாவது துண்டுக்கு அடியில் கையைப் பிடித்துப் பேரம் பேசும்போது மாடு பக்கத்தில் நிற்கும்!

விலை கொடுத்து வாங்கியவருக்கு விற்றவரின் குணம் நன்றாகத் தெரியும் அல்லவா? ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் தலை வைக்க இடம் கொடுத்த கதை நமக்குத்தான் முதலில் நடந்தது. 1639-ல் சென்னைக் கடற்கரையில் ஒரு மணல் திட்டைத்தான் வியாபாரத்துக்காக வாங்கினார்கள். மணல் திட்டில் கோட்டை வந்தது. கோட்டையைச் சுற்றி நகரம் வந்தது. பிறகு ராஜதானியே வந்தது. ஜம்மு மகாராஜாக்கள் நம் சரித்திரத்தைப் படித்தார்களோ இல்லையோ, அதன் சாரம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரர் வரலாம், வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம், படம் எழுதலாம். ஒரு சாண் நிலம்கூடச் சொந்தமாக வாங்கக்கூடாது. இதுதான் அவர்கள் பிடித்த பிடி.

நிலத்துக்கு மட்டும் அல்ல, நாளுக்கும் கட்டுப்பாடு இருந்தது. பஞ்சாபின் வெயில் தாங்காமல் கோடையில் காஷ்மீருக்கு வரும் துரைமார்கள் அனுமதிச் சீட்டு வாங்கி வரவேண்டும். குறிப்பிட்ட பாதைகளில்தான் வரவேண்டும். ஜம்முவிலிருந்து பனிஹால் கணவாய் வழியாகப் போகும் பாதை ராஜ குடும்பத்தின் சொந்தப் பாதை. அதில் காலெடுத்து வைக்கக் கூடாது. அக்டோபர் மாத மத்தியில், சினார் மரத்து இலைகள் நெருப்பாகச் சிவக்கும் சமயத்தில், எல்லோரும் மூட்டை கட்டிவிட வேண்டும். அங்கே குளிர்கால இரவு ஒன்றைக்கூடக் கழிக்கக் கூடாது. இந்த விதிகளில் மகாராஜாவைப் போலவே ஆங்கில சர்க்காருக்கும் அக்கறை இருந்தது. அவர்களுடைய ஆட்களே கூலிக்காரர்களை அடித்துவிட்டுக் காசு கொடுக்காமல் போன புகார்கள் வந்துகொண்டிருந்தன. அவர்களைக் கவனித்துக்கொள்ளக் கோடைகாலத்தில் மட்டும் ஸ்ரீநகரில் ஓர் ஆங்கில உத்தியோகஸ்தரை உட்கார்த்தி வைத்தார்கள். பருவம் முடிந்ததும் அவரும் இறங்கிவிடுவார்.

இங்கே நாம் மகாராஜாவைப் பார்த்துக் கைதட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்நியனுக்கு மண்ணை விற்காத மன்னன்! ஆனால் சரித்திரத்தில் அவசரப்பட்டுக் கைதட்டினால் பிறகு கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போய்விடும்.

1865-ல் எல்ம்ஸ்லி என்று ஒரு ஸ்காட்லாந்து டாக்டர் ஸ்ரீநகருக்கு வந்தார். பாதிரிமார் சங்கத்தைச் சேர்ந்தவர்தான், ஆனாலும் வைத்தியர். நோயாளிகள் அவரைத் தேடி வந்தார்கள். காஷ்மீரி மொழிக்கு ஒரு சொற்கோவை தொகுக்கும் அளவுக்கு அந்த ஜனங்களோடு பழகினார். ஆனால் விதி அவருக்கும் பொது. குளிர்காலம் வருவதற்குள் வைத்தியசாலையை மூடிக்கொண்டு மலை இறங்கவேண்டும். வியாதி மட்டும் இறங்குமா? 1872-ல் அப்படி இறங்கி வந்தவர், பஞ்சாபில் குஜராத் என்ற ஊரை அடைந்து, நவம்பர் மாதத்தில் அங்கேயே கண்ணை மூடினார்.

அவருக்கு முன்பே ராபர்ட் தார்ப் என்ற இளைஞர் ஒருவர். வேடிக்கை பார்க்கத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் கண்ணில் பட்டது வேறு. சால்வை நெய்கிறவர்கள்மேல் சுமத்திய வரி, கிராமத்து ஜனங்களைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சுமை தூக்கவைத்த கட்டாய வேலை, இவற்றையெல்லாம் எழுதினார். 1868 நவம்பரில், மற்ற துரைமார்கள் இறங்கிப்போன பருவத்தில், அவர் ஸ்ரீநகரில் இருந்தார். அங்கேயே இறந்தார். வயது முப்பது. கல்லறை இன்றும் ஸ்ரீநகரில் இருக்கிறது. விஷம் என்று ஊரில் பேச்சு. இருதய நோய் என்று வைத்தியச் சான்று. எது எப்படியோ, வெளியூர்க்காரன் கண் படாத ஆறு மாதம் வேண்டும் என்ற ஆசையும் அந்த விதிக்குள் ஒளிந்திருந்தது என்று நினைத்தால் அது பெரிய தவறு ஆகாது.

அப்படியானால் அந்த மண்ணை யாருக்காகக் காப்பாற்றினார்கள்? உழுகிறவனுக்காகவா? இல்லை. நிலம் முழுவதும் விலை கொடுத்து வாங்கிய மகாராஜாவுக்குச் சொந்தம் என்பதுதான் அப்போதைய சித்தாந்தம். உழுகிறவனுக்குத் தன் வயலில் அடுத்த வருஷம் இருப்போமா என்பதே நிச்சயம் இல்லை. 1889-க்கும் 1895-க்கும் இடையில் வால்டர் லாரன்ஸ் என்ற ஆங்கில அதிகாரி நிலவரித் திட்டம் செய்தபோதுதான், வரி கட்டுகிறவரை தகப்பன் வழியாகப் பிள்ளைக்கு அனுபவ பாத்தியதை என்ற உறுதி வந்தது. விற்கும் உரிமையை அவர் கொடுக்கவில்லை; கொடுத்தால் வட்டிக்காரன் கைக்குப் போய்விடும் என்று பயந்தார். முழுச் சொந்தம் கிடைக்க 1930-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, வெள்ளைக்காரனுக்கும் நிலம் இல்லை, காஷ்மீரிக்கும் நிலம் இல்லை. வித்தியாசம் என்னவென்றால், வெள்ளைக்காரனிடம் பணம் இருந்தது.

இந்த இடத்தில் நம் ஊட்டியைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறிப்போனவர், தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் விலைக்கு நிலம் வாங்கினார். கல்லால் பங்களா கட்டினார். 1823-லிருந்து 1825-க்குள் ஓர் ஏரியும் வெட்டிவிட்டார். கோடைக்கானலிலும் அதே கதைதான். 1863-ல் லெவிஞ்ச் துரை ஏரி அமைத்து, தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்தார் என்பார்கள். இரண்டு ஏரிகளிலும் துரைமார்கள் படகு விட்டார்கள். சாயங்காலம் ஆனதும் கரையேறிப் பங்களாவுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். அந்த ஏரிகளில் படகிலே படுத்துத் தூங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றவேண்டிய அவசியம் என்ன? கரை முழுவதும் அவர்களுடையதாகி விட்டதே! மேய்ச்சல் நிலத்தை இழந்தவர்கள் தோடர்கள்.

காஷ்மீரில் கரை கிடைக்கவில்லை. ஆகவே தண்ணீரில் இறங்கினார்கள்.

தண்ணீரில் ஏற்கெனவே மனிதர்கள் இருந்தார்கள். ஹாஞ்சிகள் என்று பெயர். படகிலே பிறந்து, படகிலே கல்யாணம் செய்துகொண்டு, படகிலே மூப்படையும் ஜாதி. உங்கள் பூர்வீகம் எது என்று கேட்டால், பிரளயத்தில் கப்பல் கட்டிய நோவாதான் எங்கள் பாட்டன் என்பார்களாம். மீன் பிடிக்கிறவர்கள் ஒரு பிரிவு. நீர்க்கொட்டை அள்ளுகிறவர்கள் ஒரு பிரிவு. ஏரியில் மிதக்கும் தோட்டம் போட்டுக் காய்கறி பயிரிடுகிறவர்கள் ஒரு பிரிவு. கோரையும் பாசியும் பின்னிய பாய்போன்ற திட்டின்மேல் மண்ணைப் போட்டு வெள்ளரியும் தக்காளியும் வளர்ப்பார்கள். இந்தத் தோட்டத்தில் ஒரு தொல்லை உண்டு. நம் ஊரில் திருடன் வந்தால் காயைப் பறித்துக்கொண்டு போவான். அங்கே ராத்திரியில் கட்டை அவிழ்த்துத் தோட்டத்தையே இழுத்துக்கொண்டு போய்விடுவான்!

ஹாஞ்சிகள் குடியிருந்த படகுக்கு டூங்கா என்று பெயர். ஐம்பது அறுபது அடி நீளம், ஆறடி அகலம், இரண்டடித் தண்ணீர் இருந்தால் போதும். மேலே கோரைப்பாய்க் கூரை. கோடைக்கு வந்த துரைமார்கள் முதலில் கூடாரத்தில் படுத்தார்கள். சர்க்கார் விடுதியில் இடம் கிடைத்தால் அங்கே படுத்தார்கள். இரண்டும் இல்லாதபோது இந்த டூங்காக்களை வாடகைக்கு எடுத்தார்கள். முன்பாதி துரைக்கு, பின்பாதி படகுக்காரன் குடும்பத்துக்கு. நடுவில் ஒரு பாய் தொங்கும். பாய்க்கு அந்தப் பக்கம் அடுப்புப் புகை, குழந்தை அழுகை, மாமியார் மருமகள் சண்டை. இந்தப் பக்கம் துரை பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு டயரி எழுதிக்கொண்டிருப்பார்.

பாய்த்தட்டி எப்படிப் பலகைச் சுவராயிற்று என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. கென்னர்ட் என்ற ஆங்கிலேயர்தான் முதல் படகு வீட்டைக் கட்டினார் என்பது துரைமார் கதை. காஷ்மீரிகள் சொல்லும் கதை வேறு. துரைமார்களுக்குச் சாமான் விற்றுக்கொண்டிருந்த நாராயண்தாஸ் என்ற பண்டிதரின் கடை தீப்பற்றி எரிந்துபோயிற்றாம். மிஞ்சிய சரக்கை ஒரு டூங்காவில் ஏற்றி வியாபாரம் செய்தார். மழைக்கும் பனிக்கும் பாய் தாங்கவில்லை என்று பலகை அடித்தார். அதைப் பார்த்த ஒரு துரை, கடையிலுள்ள சரக்கை விட்டுவிட்டுக் கடையையே விலைக்குக் கேட்டார். லாபம் நன்றாக இருந்தது. பிறகு நாராயண்தாஸ் சரக்கு விற்பதை விட்டுப் படகு கட்டி விற்க ஆரம்பித்தார். படகு நாராயணன் என்று அவருக்குப் பெயரே வந்துவிட்டதாம். வியாபாரம் தெரிந்த யாரும் இந்த இரண்டாவது கதையைத்தான் நம்புவார்கள், நானும் அப்படித்தான்.

எது முதலாக இருந்தாலும், 1880-களில் தொடங்கிய இந்த வழக்கம் வேகமாகப் பரவியது. 1885-ல் ரன்பீர்சிங் மகாராஜா காலமானதும் கோடைக்கால உத்தியோகஸ்தர் நிரந்தர ரெஸிடெண்டாகி ஸ்ரீநகரிலேயே தங்கிவிட்டார். குளிர்கால விதி தளர்ந்தது. 1890-களில் ஜீலம் பள்ளத்தாக்கில் வண்டிப் பாதை வந்தது. கூட்டம் கூடியது. நில விதி மட்டும் தளரவில்லை. ஆகவே இருபதாம் நூற்றாண்டு பிறந்த சில வருஷங்களுக்குள் ஏரியிலும் ஆற்றிலும் நூற்றுக்கணக்கான படகு வீடுகள் நின்றன. வரவேற்பு அறை, சாப்பாட்டு அறை, கணப்பு அடுப்பு, வெள்ளைத் திரை, பூந்தொட்டி எல்லாம் வந்தன. இங்கிலாந்துக் கிராமத்து வீடு ஒன்றை வேரோடு பிடுங்கி ஏரியில் மிதக்கவிட்டதுபோல் இருந்தன. துரைசானிக்கு அடுப்புப் புகை ஆகவில்லை. ஆகவே நடுவில் தொங்கிய பாய் எடுபட்டு, படகுக்காரன் குடும்பம் தனிப் படகில் பின்னால் போயிற்று. பெரியவர் எனக்குக் காட்டினாரே, அந்த இரண்டு படகுகள், அவை பிரிந்தது அப்போதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. சட்டம் சொன்னது, நிலம் வாங்கக்கூடாது என்று. படகு நிலம் அல்லவே! கயிற்றால் கட்டி, கழி ஊன்றி, ஒரே இடத்தில் வருஷக் கணக்கில் நின்றாலும் அது படகுதான். கரைக்கு ஒரு பலகை போட்டு நடந்து போனாலும் அது படகுதான். வீட்டைத் தடுத்த சட்டம் வீட்டையே உண்டாக்கிவிட்டது.

1947-ல் துரைமார்கள் போனார்கள். பல படகு வீடுகள் கவனித்துவந்த ஹாஞ்சிகளின் கைக்கே வந்தன. சிலருக்கு விலைக்கு, சிலருக்கு விசுவாசத்துக்குப் பரிசாக. மண்ணில் நாடகம் வேறாக நடந்தது. "காஷ்மீர் காஷ்மீரிகளுக்கே" என்று படித்தவர்கள் கிளர்ச்சி செய்ததன் பேரில், நாட்டுக் குடிகள் யார், அசையாச் சொத்து வாங்க உரியவர்கள் யார் என்று 1927-ல் ஹரிசிங் மகாராஜாவின் அரசாங்கம் வரையறுத்துவிட்டது. வெள்ளைக்காரனைத் தடுத்த பழைய பிடி இப்போது வெளி மாகாணத்தார் எல்லோரையும் தடுத்தது. இந்த நாடகத்தில் நம்மவர் ஒருவருக்கும் பாத்திரம் உண்டு. தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த என். கோபாலசாமி அய்யங்கார் 1937-லிருந்து 1943 வரை காஷ்மீரின் பிரதம மந்திரியாக இருந்தார். பிறகு அரசியல் நிர்ணய சபையில், காஷ்மீருக்குத் தனி நிலை தரும் ஷரத்தை 1949 அக்டோபரில் கொண்டுவந்து பேசியவரும் அவரே. அதுதான் 370-ஆம் பிரிவு. 1950-ல் ஷேக் அப்துல்லாவின் அரசாங்கம், ஒருவரிடம் 182 கனாலுக்குமேல், அதாவது இருபத்திரண்டே முக்கால் ஏக்கருக்குமேல் நிலம் இருக்கக்கூடாது என்று சட்டம் செய்து, மிச்சத்தை உழுகிறவனுக்குக் கொடுத்தது. வயலில் நின்றவனுக்கு வயல் கிடைத்தது. தண்ணீரில் நின்றவனுக்கு? அவன் உழவில்லை, அவனுக்குக் கிடைக்க ஒன்றும் இல்லை.

370-ஆம் பிரிவின் தனி நிலை 2019 ஆகஸ்டில் நீங்கியது. 2020-ல் நிலச் சட்டங்களும் மாறின. வெளியூர்க்காரர் நிலம் வாங்கக்கூடாது என்ற நூற்றாண்டுப் பழக்கம் முடிவுக்கு வந்தது. அது சரியா தவறா என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நான் கவனித்தது ஒன்றுதான். மண்ணில் விதிகள் தளரத் தளர, தண்ணீரில் இறுகிக்கொண்டே வந்திருக்கின்றன.

எல்லாப் படகு வீடுகளையும் பதிவு செய்யவேண்டும். டீலக்ஸ், ஏ, பி, சி, டி என்று தரம் பிரிக்கவேண்டும். டி என்பது பழைய டூங்கா, கடைசித் தரம். 1980-களிலிருந்து புதிய படகு வீடு கட்ட அனுமதி இல்லை. ஏரியைக் காப்பாற்றும் வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போனபோது, பழைய படகைப் பழுதுபார்ப்பதற்கும் தடைகள் வந்தன. நியாயத்தையும் சொல்லவேண்டும்: ஏரி உண்மையிலேயே நோய்வாய்ப்பட்டிருக்கிறது. பாசி மண்டுகிறது, நீர்ப்பரப்புச் சுருங்குகிறது. படகுகளிலிருந்து கழிவு நேரே தண்ணீரில்தான் விழுந்துகொண்டிருந்தது. அது கூடாது என்பதில் யாருக்கு ஆட்சேபம்? ஆனால் நகரத்துச் சாக்கடைகளும் அதே ஏரியில்தான் வந்து விழுந்தன. சாக்கடை கண்ணுக்குத் தெரிவதில்லை. படகு வீடு பளிச்சென்று தெரிகிறது.

மரப் படகைப் பழுதுபார்க்காதே என்றால் என்ன அர்த்தம்? கரையிலுள்ள வீட்டைப் பழுதுபார்க்காவிட்டால் ஒழுகும். பாத்திரம் வைத்துச் சமாளிக்கலாம். படகைப் பழுதுபார்க்காவிட்டால் மூழ்கும். தேவதாரு எவ்வளவு உறுதியான மரமானாலும் அடிப்பலகையை அவ்வப்போது மாற்றி, இடுக்குகளை அடைக்கத்தான் வேண்டும். 1990-களில் துப்பாக்கிச் சப்தம் கேட்ட ஆண்டுகளில் விருந்தாளியே வரவில்லை. பலகை வாங்கப் பணம் இல்லை. பணம் வந்தபோது அனுமதி இல்லை. இப்படியே பல படகுகள் மூழ்கிப் போயின. முன்பு ஆயிரத்துக்குமேல் இருந்தவை இப்போது ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டன. 2021-ல்தான் அரசாங்கம் புதிய விதிகள் செய்து, பழுதுபார்க்கவும் திரும்பக் கட்டவும் வழிவிட்டது. கழிவுக்கு ஏற்பாடு வேண்டும், தீத்தடுப்பு வேண்டும் என்பவை நிபந்தனைகள். அவை வேண்டாத நிபந்தனைகள் என்று சொல்லமுடியாது. 2023 நவம்பரில் ஒரு விடியற்காலை தால் ஏரியில் தீப்பிடித்து ஐந்து படகு வீடுகள் எரிந்தபோது, அதில் தூங்கிக்கொண்டிருந்த வங்காள தேசத்து விருந்தாளிகள் மூன்று பேர் மாண்டுபோனார்கள்.

ஆனால் 2014 செப்டம்பரில் ஜீலம் பெருக்கெடுத்து ஸ்ரீநகரையே முழுக்கியபோது நடந்ததையும் மறக்கக்கூடாது. சட்டப்படி கட்டிய மாடி வீடுகளில் தண்ணீர் ஏறியது. ஆற்றில் இருந்த சில படகுகள் சேதமடைந்தன என்றாலும், ஏரியில் நின்ற படகு வீடுகள் தண்ணீரோடு உயர்ந்தன. கரை இழந்தவர்கள் சிலர் அவற்றில் வந்து தஞ்சம் புகுந்தார்கள். நோவாவின் பேரன்மார் என்று சொல்லிக்கொண்டவர்களைப் பார்த்து யாரும் அன்றைக்குச் சிரித்திருக்க மாட்டார்கள்.

இத்தனை விதிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. 1846-லிருந்து இன்றுவரை எல்லா விதிகளும் விருந்தாளியை மனத்தில் வைத்தே எழுதியவை. விருந்தாளி எங்கே படுக்கலாம், எந்த மாதம்வரை படுக்கலாம், எத்தனை இரவு படுக்கிறார், அவர் படுக்கும் படகு எந்தத் தரம். ஆங்கிலத் துரை போய், பம்பாய் சேட்டு வந்து, மதராஸ் எழுத்தாளன் வந்தாலும் நோட்டுப் புத்தகத்தின் கட்டங்கள் மாறவில்லை. பின்னால் நிற்கும் சின்னப் படகில் வருஷம் முன்னூற்று அறுபத்தைந்து இரவும் படுத்திருக்கிறார்களே, அவர்கள் பெயர் எழுத அந்த நோட்டில் ஒரு கட்டமும் இல்லை. ஏரியைக் காப்பாற்ற வேண்டும் என்பது சரி. காப்பாற்றும் யோசனையில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அந்த ஏரியில் யார் தூங்குகிறார்கள் என்பது. அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கடைசி நாள் காலையில் பெரியவரின் மனைவிக்கும் அடுத்த படகுக்காரிக்கும் பெரும் சண்டை. பாஷை புரியாவிட்டாலும் ஏச்சு என்பது புரிந்தது. பெரியவர் மட்டும் நிதானமாக எங்கள் பெட்டிகளை ஷிகாராவில் ஏற்றிக்கொண்டிருந்தார். "எப்போது முடியும்?" என்று கேட்டேன். "ராத்திரியில் நின்றுவிடும், சாஹிப். அந்தக் காலத்தில் சண்டை முடியாமல் இருட்டிவிட்டால் எங்கள் பெண்கள் ஒரு கூடையைக் கவிழ்த்து வைப்பார்களாம். காலையில் அதை நிமிர்த்திவிட்டு, விட்ட இடத்தில் ஆரம்பிப்பார்களாம். தூங்குகிற நேரத்தில் சண்டை கூடாது என்பது எங்கள் சட்டம்" என்றார்.

ஷிகாரா நகர்ந்தது. சமையல் படகின் ஓரத்தில் அந்த இருமல் குழந்தை வந்து நின்றது. ஐந்து வயது இருக்கும். என் சம்சாரம் கையை ஆட்டினாள். அது பதிலுக்குக் கையை ஆட்டாமல், எங்கள் பெரிய படகையே பார்த்துக்கொண்டிருந்தது. விருந்தாளி போய்விட்டால் ஓடிப்போய் மெத்தையில் ஒரு குதி குதிக்கலாம் என்று காத்திருந்ததோ என்னவோ.